முகத்தைக் கழுவிட்டு வா

ஆவுடைத்தாய் எனக்குச் சித்தி மகள், அக்கா தங்கச்சியாக வளர்ந்தவர்கள் நாங்கள். எங்க அம்மை மூத்தவள், அவள் அம்மை இளையவள். ரெண்டு பேரையும் ஒரே ஊரில்தான் கட்டிக்கொடுத்தார்கள். புதூருக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஓடைக்கரையோடு நடந்தால் எங்க ஊர். ஆவுடைக்குப் பிறகு சித்திக்குப் பிறந்தது எதுவும் தங்கவில்லை. கடைசியாகத் தங்கினவன் பெருமாள்சாமி. சித்தி ஆட்டுக்குப் பின்னால் போய்விடுவாள். அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் ஆவுடைதான். அவள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றதற்குக் காரணம் அவன்தான்னு நாங்கள் கேலி பேசுவோம்.

அத்தை மகனுக்கே வாக்கப்பட்டாள். அவன் ஒரு ஐப்பசியில் ஆட்டோடு காட்டில் நிற்கும்போது இடி விழுந்து செத்தான். ஆடுகளில் பாதியும் அவனோடு போச்சு. மிச்சம் கிடந்த குட்டிகளை வைத்துக்கொண்டு இவளே கம்பை எடுத்தாள். ஒரே மகன் இசக்கிபாண்டியைப் படிக்க வைத்தாள், படிப்பு ஏறவில்லை. அவன் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். இவள் செம்மறிகளோடு ஊரில் இருந்தாள்.

ஆனால் ஆவுடைத்தாய்ன்னு சொன்னால் எங்க பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஆடு ஞாபகம் வராது. நாடகத்துக்குக் குறை சொல்லுத பொம்பளையான்னுதான் கேட்பார்கள்.

எங்க ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு அழகுவேல் ராசா நாடகம் போடுவது. கும்பினி வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கரிசலில் இருந்த சின்னப் பாளையக்காரர் அந்த ராசா என்பார்கள். கும்பினிப் பட்டாளம் கோட்டைக்கு வடக்கே இருக்கிற தண்ணித்துறையைக் கேட்டு வரும். ராசா விடமாட்டார். கூடவே இருந்த தளவாய் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவான். ராசாவைப் புளியமரத்தில் தொங்கவிடுவார்கள். முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் விடியும் வரைக்கும் ஒருத்தர் எழுந்திருக்க மாட்டோம்.

நாடகம் முடிந்த பிறகுதான் ஆவுடைக்கு வேலை. தூக்கில் போட்டுத் திரையை இழுத்ததும், வேஷக்காரர்கள் எல்லாரும் அரிதாரத்தோடேயே முன்னால் வந்து வரிசையாக நிற்கணும். நாடக வாத்தியார் சபையைப் பார்த்து, "குறை உண்டா?"ன்னு கேட்கணும். குறை கேட்காமல் யாரும் முகம் கழுவக் கூடாது. அப்போது சொல்லுகிற குறை வேஷத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. முகத்தைக் கழுவினால் அரிதாரத்தோடு அதுவும் போய்விடும். கழுவின பிறகு நாடகத்தைப் பற்றி ஒருத்தரும் குறையாகப் பேசக் கூடாது. பேசினால் அது ஆள் மேல் ஒட்டிக்கொள்ளும், பகையாகும். இதுதான் எங்க ஊர் வழக்கம். இதனால்தான் சம்பந்தம் செய்துகொண்ட வீடுகள் சேர்ந்து நாடகம் போட்டும் வெட்டுக்குத்து வராமல் இருந்தது.

ஆவுடை முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். எழுந்து மடியை உதறிவிட்டுச் சொல்லுவாள்.

ஒரு வருசம் ராணி வேஷம் கட்டின சிவனாண்டி ரப்பர் செருப்போடு மேடைக்கு வந்துவிட்டான். "ராணி, கோட்டைக்குள்ள முள்ளா கெடக்கு? பெருக்கச் சொல்லப்படாதா?"ன்னு கேட்டாள். ராணி சேலையை இழுத்துக் காலை மூடினார். கும்பினித் துரையாக வந்தவன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் பேசின வருசம், "தொரை, நீரு எங்க ராசாவ விட நல்லாத் தமிழ் பேசுதீரு. சீமைக்கு எதுக்குப் போறீரு, இங்கனயே ஒரு பொண்ணக் கட்டிக்கிடும்." இன்னொரு தடவை சண்டை நடக்கும்போது ஒரு சிப்பாய் இடுப்பில் செல்போன் அடித்துவிட்டது. "கும்பினிக்கு டவர் கிடைக்கு. எங்க தெருவுக்குத்தான் கிடைக்க மாட்டேங்கு."

ராசா வேஷம் பெருமாள்சாமிக்கு. பழைய ராசா உச்சிமாகாளி மாமா வாதம் வந்து படுத்த வருசத்திலிருந்து அவன்தான். நல்ல உயரம், தொண்டையும் நல்ல தொண்டை. ஆவுடை தம்பிக்கென்று விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் வேஷத்தோடு நிற்கும்போது அவனை ஏலே என்றும் கூப்பிட்டதில்லை. மற்ற நாளெல்லாம் "ஏலே பெருமாளு"தான். அன்றைக்கு மட்டும் நீரு, உம்ம.

"ராசா, நீரு அழலாம், தப்பில்ல. மைக்கப் பாத்துக்கிட்டே அழுதா எப்படி? மைக்கா தாலியறுக்கப் போவுது? ராணியப் பாத்து அழும்."

மறுவருசம் அவன் ராணியைப் பார்த்து அழுதான். அதற்கும் ஒரு குறை வைத்திருந்தாள். அவள் வாயில் இருந்து குறையில்லைன்னு ஒரு சொல் யாருக்கும் வந்தது கிடையாது. பெருமாள்சாமிக்கு அது ஒரு ஏக்கமாகவே இருந்தது.

"எக்கா, நான் சாகதுக்குள்ள ஒரு வருசமாவது குறையில்லன்னு சொல்லிரு."

"நீ குறையில்லாமக் கட்டு. சொல்லுதேன்."

இப்படி இருக்கும்போதுதான் சோலார் கம்பெனி வந்தது. விளாத்திகுளம் பக்கம் ஏற்கெனவே வந்திருந்தது. எங்க ஊருக்கு வடக்கே இருக்கிற காடெல்லாம் வருசக்கணக்காகத் தரிசு. மிளகாய் போட்டுக் காய்ந்து, பருத்தி போட்டுக் காய்ந்து, பட்டாக்காரர்கள் மெட்ராஸ், கோயம்புத்தூர்னு போய்விட்டார்கள். அவர்கள் விற்றதைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரிலும் பாதிப் பேர் விற்றார்கள். இடையில் நின்று பேசி முடித்தவன் பெருமாள்சாமி. ஆட்டை விற்றுவிட்டு, வெள்ளைச் சட்டையும் புது மோட்டார் சைக்கிளுமாக அலைந்தான். மகள் பிரித்திகாவை நர்ஸ் படிப்புக்குச் சேர்த்தான்.

அந்தக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது வடக்கு ஊருணி. கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணி கிடக்கிறது அது ஒன்றில்தான். ஆடுகள் அதற்குப் போக, காட்டுக்கு ஊடே ஒரு பாதை உண்டு. யார் பட்டாவிலும் அதற்குத் தனியாகப் பேர் கிடையாது. காலகாலமாக ஆடு நடந்து நடந்து பள்ளமாகிப் போன பாதை. ஆவுடைக்கு அந்தப் பாதை போனால் ஆடு போச்சு. ஆடு போனால் அவளுக்குன்னு ஒன்றும் கிடையாது. அதனால் முதலிலேயே தம்பியை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "பாதைய விட்டுத்தான் எக்கா வேலி போடுவான். நான் நடுவுல நிக்கேன்லா? ஒன் ஆட்டுக்குப் பாதை போச்சுன்னா, அதுக்குப் பெறவு எம் மூஞ்சியில முழிக்காத."

அவள் நம்பினாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் போடுகிற அன்றைக்குப் பகலில் அவள் ஆட்டைத் தண்ணிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பாதை திரும்புகிற உடைமுள் மரத்துக்கிட்டே முன்னால் போன ஆடுகள் நின்றுவிட்டன. பாதைக்குக் குறுக்கே சிமெண்டுத் தூண் நட்டுக் கம்பிவலை கட்டியிருந்தது. வேலை பார்த்த பையன்கள் வடக்கத்திக்காரர்கள். இவள் கத்தியதைக் கேட்டுச் சிரித்தார்கள். காவலுக்கு நின்ற நம்ம பக்கத்து ஆள்தான் சொன்னான்.

"எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய ஆச்சி? பெருமாள்சாமி அண்ணாச்சிதான் பாதையையும் சேத்துப் பேசி முடிச்சுக் குடுத்துட்டாவ. ஒங்களுக்குத் தெரியும்னு சொன்னாவளே."

தண்ணி வாடை கண்ட ஆடுகள் கம்பியில் மூஞ்சியை வைத்துக்கொண்டு கத்தினதாம். பின்னால் வந்த ஆடு முன்னால் நின்ற ஆட்டின் மேல் ஏறினதாம். திருப்பி ஓட்டப் பெரும்பாடு பட்டுவிட்டாள். அந்த வெயிலில் ஒரு சினையாடு வழியிலேயே குட்டியைப் போட்டுவிட்டது. அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வருகிறபோது குட்டிக்கு உயிர் இல்லை. குடிக்கப் பிடித்து வைத்திருந்த டிரம்முத் தண்ணியை ஆடுகளுக்கு ஊற்றினாள். அது எந்த மூலைக்குப் பற்றும்?

சாயங்காலம் தம்பி பொண்டாட்டி பிரேமா வந்தாள், கையில் கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு. பொங்கலுக்குத் தம்பி வீட்டிலிருந்து போளி வருவது வழக்கம். வழக்கமாகக் கொண்டுவருகிறவன் அவன்.

"அவிய வேஷத்துக்கு உக்காந்தாச்சு மதினி. அதான் நான் வந்தேன்."

"பாதைய வித்துட்டானா?"

பிரேமா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பாதை வேணும்னா மொத்தக் காடும் வேண்டாம்னுட்டான் கம்பெனிக்காரன். ஏற்கெனவே கைநீட்டி வாங்கினவிய அம்புட்டுப் பேரும் இவிய சட்டையப் பிடிப்பாவ. வேற என்ன செய்ய மதினி? ஒங்ககிட்டச் சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தாவ. வாய் வரல."

ஆவுடை போளியைப் பிரிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. செத்த குட்டியைப் புதைக்க மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிரேமா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

நாடகத்துக்கு வரமாட்டாள்னு நினைத்தேன். வந்தாள். அதே முன்வரிசை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆடு கத்துகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

அன்றைக்குப் பெருமாள்சாமி ஆடின மாதிரி அதற்கு முன்னாலும் ஆடினதில்லை, பிறகும் ஆடினதில்லை. கும்பினித் துரை வந்து தண்ணித்துறைக்கு வழி கேட்கிற இடம் ஒன்று வரும். அந்த வசனத்துக்குத்தான் எங்க ஊரில் விசில் பறக்கும்.

"வந்த வழியே திரும்பிப் போ! என் குடிமக்களின் ஆடும் மாடும் வாய் வைக்கும் துறை இது. என் தலை கழுத்தில் இருக்கும்வரை இந்தப் பாதை திறந்தே கிடக்கும்!"

மற்ற வருசமெல்லாம் வாளை ஓங்கிக்கொண்டு கத்துவான். அன்றைக்கு வாளைத் தொடவில்லை. மெதுவாகச் சொன்னான். கண்ணில் தண்ணி விழுந்து அரிதாரத்தில் கோடு போட்டது. மைக்கைப் பார்க்கவில்லை, ராணியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. விசிலடிக்க வாயில் விரலை வைத்தவன்கூட அடிக்காமல் எடுத்துவிட்டான். ஆவுடையைத் திரும்பிப் பார்த்தேன். வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குக் காட்சி வரைக்கும் அப்படித்தான்.

கிழக்கு வெளுத்தது. வேஷக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். வாத்தியார் மணிராஜ் அண்ணாச்சி ஆர்மோனியத்தை மூடிவிட்டு முன்னால் வந்து, "குறை உண்டா?"ன்னார்.

ஆவுடை எழுந்தாள். கம்பிவலை விசயம் அதற்குள் ஊரில் பரவியிருந்தது.

"ராணி ரெண்டு தரம் முந்தானைய மிதிச்சாவ. தொரை நாலு எடத்துல திக்கினாரு. ராசா..." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ராசா, இன்னைக்கு ஒம்ம வேஷத்துல குறையே இல்ல."

எப்படிச் சொன்னாளோ தெரியவில்லை. நானாக இருந்தால் வாய் வந்திருக்காது. கூட்டம் கைதட்டியது, விசில் இப்போதுதான் வந்தது. பெருமாள்சாமி ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். தப்பித்தோம்னு நினைத்தானோ என்னவோ, தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு உள்ளே திரும்பினான்.

அவள் உட்காரவில்லை.

"முகத்தைக் கழுவிட்டு வா."

திரும்பினவன் அப்படியே நின்றான். வாரும்னு சொல்லவில்லை, வான்னு சொன்னாள்.

மணிராஜ் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "யம்மா ஆவுடை, இது வழக்கம் இல்லியே. என்ன இருந்தாலும் இப்பமே சொல்லிரு. வேஷத்தோட அழிஞ்சு போவட்டும்."

"அழிஞ்சிரப்படாதுன்னுதான் சொல்லுதேன் அண்ணாச்சி. அவன் கழுவிட்டு வரட்டும்."

பெருமாள்சாமி மேடைக்குப் பின்னால் போனான். தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்க்கிறதும், தண்ணி அள்ளி ஊற்றுகிறதும் எங்களுக்குக் கேட்டது. வெகுநேரம் கழுவினான். யாரும் எழுந்து போகவில்லை. வரும்போது வெறும் பனியனும் வேட்டியுமாக வந்தான். காதோரத்தில் கொஞ்சம் வெள்ளை அப்பியிருந்தது.

"எக்கா, வீட்டுல போயிப் பேசுவோம்."

"வீட்டுக்குத்தான் போளி வந்துச்சே. ஏலே பெருமாளு, தொறைக்குப் போற பாதைய அடைச்சது யாரு?"

"கம்பெனிக்காரன்..."

"பேசி முடிச்சுக் குடுத்தது யாரு?"

அவன் வேட்டி நுனியால் காதோரத்தைத் துடைத்தான்.

"தண்ணிக்குப் போன ஆட்டக் கம்பியில இருந்து திருப்பிக்கிட்டு வந்தேன். அது மாதிரி நானும் திரும்பிக்கிடுதேன். ஒன் வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம். நான் செத்தன்னைக்கு ஒன் கையால பொறந்த வீட்டுக் கோடி எம்மேல விழப்படாது. இத்தன பேரு கேட்டுக்கிடுங்க."

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து போர்த்தித்தான் எடுப்பது எங்களில். அண்ணன் தம்பி உரிமை அது. அதை வேண்டாம் என்பதற்கு மேலே ஒரு சொல் கிடையாது. பெருமாள்சாமி "எக்கா, எக்கா"ன்னு ரெண்டு தரம் சொன்னான். அவள் மடியை உதறிவிட்டு நடந்துவிட்டாள்.

அவள் கேட்டது நியாயம்னு ஒரு குரல் வரவில்லை. பாதி வீட்டில் காட்டை விற்ற துட்டு இருந்தது. மீதிப் பாதி வீட்டில் ஆடு இல்லை. வெயில் ஏறுதுன்னு சொல்லிக்கொண்டே ஒவ்வொருத்தராக எழுந்தோம்.

பிறகு நாலுவழிச் சாலையைத் தாண்டித் தெற்கே இருக்கிற கண்மாய்க்கு ஓட்டினாள். அதில் கிடந்தது சேறுதான். மகன் வந்து, வித்துட்டு எங்கூட வான்னு கூப்பிட்டான். கேட்கவில்லை. வைகாசியில் ஒரு காலை நேரம், ஆடுகள் சாலையில் பாதி ஏறி நிற்கும்போது பாரம் ஏற்றின லாரி ஒன்று உள்ளே பாய்ந்தது. சாலையெல்லாம் ஆடாகக் கிடந்தது. அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, பெருமாள்சாமியைத் தூக்கிவைத்துச் சாய்ந்த அதே பக்கம். மிச்ச ஆடுகளை யாவாரி வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

இசக்கிபாண்டி கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனான். லைன் வீட்டில் ஒரு அறை. சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஊருக்குக் கொண்டுபோன்னு அவனை அரித்து எடுத்துப் புரட்டாசியில் திரும்பி வந்தாள். பெருமாள்சாமி வாசல்வரை வந்து வந்து போவான். பிரேமா ஒருநாள் கஞ்சி கொண்டுவந்தாள். ஆவுடை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் ஊற்றினால் குடித்தாள்.

ஐப்பசியில் நல்ல மழை. அப்படி ஒரு மழை பெய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வடக்கு ஊருணி நிறைந்து, கம்பிவலைக்கு உள்ளே மறுகால் போச்சு. அந்த மழைக்குள்ளேதான் செத்தாள்.

பெருமாள்சாமி கோடியோடு வந்தான். தட்டில் சேலையை வைத்துத் தலைமேல் ஏந்திக்கொண்டு, முன்னால் கொட்டுக்காரன் கொட்ட, தெருமுக்கில் வந்து நின்றான். இசக்கிபாண்டி மழைக்குள்ளேயே எதிரே போனான்.

"மாமா, இதுக்கு மேல வராதீய. அம்மை சொல்லிட்டுப் போயிருக்கா."

"மருமகனே, கோடி இல்லாம எப்படிடே எடுப்பிய? என் கூடப் பொறந்தவடே."

"பெரியம்மை இருக்காவ. அவிய போடுவாவ."

என்னைத்தான் சொன்னான். பெரியம்மை மகள் முறைக்கு அது செல்லும்னு பெரியவர்கள் சொன்னார்கள். நான் போர்த்தினேன். எடுத்துக்கொண்டு போகும்போது பார்த்தேன், தெருமுக்கில் தட்டை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான். சேலை நனைந்து தட்டில் தண்ணி தளும்பினது.

மறுபங்குனிக்கும் நாடகம் போட்டார்கள். ராசா வசனம் முழுக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வேண்டாம்னு எவ்வளவோ சொன்னானாம். மணிராஜ் அண்ணாச்சி விடவில்லை. தண்ணித்துறை வசனத்தை ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனான். விடிந்ததும் வரிசையாக நின்றார்கள். "குறை உண்டா?"ன்னு அண்ணாச்சி கேட்டார். முன்வரிசையில் அவள் இருக்கிற இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ராசாவே கேட்டான். "குறை இருக்கும்யா. சொல்லுங்க. வாளை உருவையில உறையில மாட்டிச்சு, பாத்திய இல்ல? அதையாவது சொல்லுங்க."

எல்லாரும் தரையைப் பார்த்தோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா"ன்னு பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"கழுவிரு பெருமாளு. வெயில் வந்துட்டு"ன்னார் அண்ணாச்சி.

அவன் கழுவவில்லை. தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வேஷத்தோடேயே வடக்குத் தெருவழியே வீட்டுக்கு நடந்தான். வேர்வையில் அரிதாரம் இறங்கிச் ராசா சட்டைக் கழுத்தெல்லாம் வெள்ளையும் சிவப்புமாகிவிட்டது.

பிரேமா பிறகு என்னிடம் சொன்னாள். "மூஞ்சியக் கழுவுங்கன்னு செம்புல தண்ணி மோந்து குடுத்தேன் மதினி. வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாவ. மத்தியானம் சோறு வைக்கப் போறேன், அப்பமும் அந்தத் தண்ணி அப்படியே இருக்கு."